நம் ஆய்வகத்துக்கு நாமே தயாரிக்கும் இயக்க அமைப்பு

(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிப்பவர்களும் மேல்நிலை வகுப்புகளுக்குக் கற்பிப்பவர்களும் இங்கே ஒன்றாக அமர்ந்திருக்கிறீர்கள். கணினி அறிவியலைப் பாடமாகப் படித்தவர்கள் சிலர்தான் இருப்பீர்கள். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று நான் சொல்லப்போவது கணினி ஆசிரியருக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. பள்ளிக் கணினியில் எவை இருக்க வேண்டும், எவை இருக்கக் கூடாது என்பதை யார் முடிவு செய்வது? இதுதான் இன்றைய கேள்வி. பல பள்ளிகளில் அந்த முடிவை, கணினியை விற்றவரோ பழுது பார்க்க வந்தவரோ எடுத்துவிட்டுப் போகிறார். அது நாம் எடுக்க வேண்டிய முடிவு. அதை எடுப்பதற்கான வழிதான் நிறுவல் படிமம் தயாரித்தல்.

இயக்க அமைப்பை நிறுவ நாம் பயன்படுத்தும் ஐஎஸ்ஓ கோப்பையே நிறுவல் படிமம் என்கிறேன். பொதுவாக இணையத்திலிருந்து இறக்கும் படிமத்தில் இயக்க அமைப்பும் சில பொதுவான மென்பொருள்களும் மட்டுமே இருக்கும். தமிழ்த் தட்டச்சு, பாடத்துக்கான மென்பொருள்கள், அச்சுப்பொறி, மாணவர் கணக்கு, அன்றைய தேதி வரை வந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் ஆகியவற்றை ஒவ்வொரு கணினியிலும் பிறகு தனித்தனியாகச் சேர்க்கிறோம். இவை எல்லாவற்றையும் படிமத்துக்குள்ளேயே ஒரே முறை சேர்த்துவிட்டால், அதைக் கொண்டு எத்தனை கணினிகளை வேண்டுமானாலும் ஒரே மாதிரி தயார் செய்யலாம்.

ஒரு சிறு கணக்கு

இது ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குப் போடுவோம். ஆய்வகத்தில் 20 கணினிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயக்க அமைப்பை நிறுவி, புதுப்பித்து, மென்பொருள்களைச் சேர்க்க ஒரு கணினிக்கு 2 மணி நேரம் ஆகிறது. ஒருவரே ஒவ்வொன்றாகச் செய்தால் 40 மணி நேரம். 40 நிமிடப் பாடவேளையாக மாற்றினால் 60 பாடவேளைகள். வாரத்துக்கு இரண்டு ஆய்வகப் பாடவேளை உள்ள வகுப்புக்கு அது 30 வாரம்.

இணையத்தின் கணக்கு தனி. ஒவ்வொரு கணினியும் 1.5 ஜிபி புதுப்பிப்பை இறக்க வேண்டும் என்றால் மொத்தம் 30 ஜிபி. நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அதற்கு 6 மணி 40 நிமிடம் ஆகும். அதாவது சரியாகப் பத்துப் பாடவேளை. மாணவர்கள் உள்ளே வந்து கணினியைத் திறக்கிறார்கள், திரையில் "புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்" என்று சக்கரம் சுழல்கிறது, மணி அடித்துவிடுகிறது. இதைப் பார்க்காத ஆசிரியர் இந்த அறையில் இருக்க மாட்டார். வீட்டில் கணினி உள்ள குழந்தைக்கு அந்த 40 நிமிடம் பெரிய இழப்பில்லை. நம் பள்ளிக்கு வரும் குழந்தைகளில் பலருக்கு அந்த வாரத்தில் கணினியைத் தொடும் நேரமே அதுதான்.

புதுப்பிக்காமல் விட்டால் என்ன?

"புதுப்பிப்பதால்தானே இந்தத் தொல்லை, நிறுத்தி வைத்துவிடலாமே" என்று சிலர் கேட்பதுண்டு. 2017ஆம் ஆண்டை நினைவுபடுத்துகிறேன். அந்த ஆண்டு மே 12 அன்று வானாக்ரை என்ற தீம்பொருள் பரவத் தொடங்கியது. கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் இருந்தும் அதை நிறுவாத கணினிகளில்தான் அந்தத் தீம்பொருள் பரவியது.

இன்னொரு செய்தி. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. பல பழைய கணினிகளில் அது இல்லை. அந்தக் கணினிகளைக் குப்பையில் போடுவதா? வேண்டாம். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் டெபியன் லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய முகப்புடன் நன்றாகவே ஓடும். அதனால் இன்றைய எடுத்துக்காட்டாக டெபியனையே எடுத்துக்கொள்கிறேன்.

இது நமக்குப் புதிய ஊர் அல்ல. சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். நம் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸும் இருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டமும், அதன் தொடர்ச்சியாக 2017இல் உருவான கைட் நிறுவனமும், உபுண்டு லினக்ஸைப் பள்ளிப் பாடத்துக்கு ஏற்ப மாற்றி மாநிலம் முழுவதற்கும் கொடுக்கின்றன. பாடத்துக்கு என்ன வேண்டும் என்பதில் தொடங்கிக் கணினியைத் தயார் செய்கிறார்கள். சிறிய அளவில் நாமும் அப்படித் தொடங்கலாம்.

முதல் வேலை தாளில்தான்

படிமம் தயாரிப்பதில் முதல் வேலைக்குக் கணினியே தேவையில்லை. ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி பிரியுங்கள்: வகுப்பு, பாடம், தேவையான மென்பொருள். பள்ளியில் உள்ள எல்லா ஆசிரியர்களையும் உட்கார வைத்து நிரப்புங்கள்.

ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஜிகாம்ப்ரிஸ், டக்ஸ் பெயின்ட் இரண்டும் போதும். சுட்டியைப் பிடிக்கப் பழகுவதிலிருந்து எண்ணுதல், வரைதல் வரை அவற்றில் உண்டு. நடுநிலை வகுப்பு அறிவியலுக்கு இரவு வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம். தனிம வரிசை அட்டவணைக்குக் கால்சியம் என்ற பெயரிலேயே ஒரு மென்பொருள் இருக்கிறது. மேல்நிலையில் சி++ நிரல்களுக்கு ஜீனி, பைத்தானுக்குத் தானி. மைஎஸ்கியூஎல் பாடத்துக்கு டெபியனில் மரியாடிபி கிடைக்கும். பாடத்தில் வரும் அடிப்படைக் கட்டளைகள் இரண்டிலும் ஒன்றே. எல்லோருக்கும் பொதுவாக லிப்ரே ஆபீஸ்.

தமிழை மறந்துவிடாதீர்கள். நல்ல ஒருங்குறி எழுத்துருக்களும் தமிழ்99 விசைப்பலகையும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அறிவிக்கப்பட்ட தரம் அது. குழந்தை முதல் நாளிலிருந்தே அதில் பழகினால், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, வேறு கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும் தொல்லை அதற்கு வராது.

இணையம் விட்டுவிட்டு வரும் பள்ளிகளுக்கு ஒரு யோசனை. கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதுமாகக் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இணையமின்றியே திறக்கும்.

பட்டியல் முடிந்ததும் இன்னொரு முறை படித்து, தேவையில்லாததை அடித்துவிடுங்கள். "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சேர்க்கும் ஒவ்வொரு மென்பொருளும் படிமத்தைப் பெரிதாக்கும். நாளை புதுப்பிக்க வேண்டிய பொருளும் கூடும்.

இரண்டு வழிகள்

இனி தயாரிக்கும் முறைக்கு வருவோம். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி நகலெடுப்பது. ஒரு கணினியை முழுமையாகத் தயார் செய்து, குளோன்ஸில்லா போன்ற கருவியால் அதன் வன்தட்டை அப்படியே படிமமாக எடுத்து மற்ற கணினிகளில் பதிப்பது. எளிய வழி, ஒரே மாதிரியான கணினிகள் உள்ள ஆய்வகத்துக்கு ஏற்றது.

ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தயார் செய்த கணினியில் இருப்பது எல்லாம் நகலில் வந்துவிடும். அந்தக் கணினியின் உலாவியில் ஓர் ஆசிரியர் எமிஸ் தளத்தைத் திறந்து கடவுச்சொல்லைச் சேமித்திருந்தால், அது 20 மாணவர் கணினிகளுக்கும் போய்ச் சேரும். எமிஸில் என்னென்ன இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும்: குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் விவரம், கைப்பேசி எண். பெற்றோர் நம்மை நம்பிக் கொடுத்த தகவல்கள் அவை. அதனால் நகலெடுக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அலுவலகக் கணினியை ஒருபோதும் மூலக் கணினியாக வைக்காதீர்கள். புதிதாக நிறுவிய கணினியில் மட்டும் தொடங்குங்கள். அதில் யாரும் எந்தத் தளத்திலும் உள்நுழையக் கூடாது. வைஃபை கடவுச்சொல்லும் சேமிக்கக் கூடாது. லினக்ஸில் ஒவ்வொரு கணினிக்கும் மெஷின் ஐடி என்ற தனி அடையாள எண் உண்டு. படிமம் எடுப்பதற்கு முன் அதைக் காலி செய்துவிட வேண்டும். இல்லையென்றால் 20 பேருக்கு ஒரே சேர்க்கை எண் கொடுத்த கதைதான்.

இரண்டாவது வழி செய்முறைக் குறிப்பு எழுதுவது. டெபியனில் லைவ்-பில்ட் என்ற கருவி இருக்கிறது. அதற்கு நாம் கொடுப்பது ஒரு கோப்புறை மட்டுமே. அதில் ஒரு பட்டியல் கோப்பு. வரிக்கு ஒரு மென்பொருளின் பெயர். நாம் தாளில் எழுதினோமே, அதே பட்டியல்தான். இன்னொரு பகுதியில், கணினியில் எந்த இடத்தில் எந்தக் கோப்பு இருக்க வேண்டுமோ அதே அமைப்பில் நம் கோப்புகளை வைக்கலாம்: பாடநூல் பிடிஎஃப்கள், பள்ளிப் பெயருடன் பின்புலப் படம், விசைப்பலகை அமைப்பு. மூன்றாவது பகுதியில், தயாரிப்பின்போது தானாக ஓட வேண்டிய சிறு நிரல்கள். பிறகு இரண்டே கட்டளைகள்: ஒன்று அமைப்பைத் தயார் செய்யும், மற்றொன்று படிமத்தைக் கட்டும். 20 ஜிபி அளவுக்குக் காலியிடம் வைத்துக்கொள்ளுங்கள். இணைய வேகத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். அவ்வளவு நேரமும் நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை.

இந்த வழியின் சிறப்பைச் சமையலை வைத்துச் சொல்கிறேன். நகலெடுப்பது சமைத்த குழம்பை எடுத்து வைப்பது போல. நாளாக நாளாகப் பழையதாகும். இது குழம்பின் குறிப்பை எழுதி வைப்பது போல. ஒவ்வொரு முறை கட்டும்போதும் டெபியனின் களஞ்சியத்திலிருந்து அன்றைய தேதி வரை திருத்திய மென்பொருள்களையும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் அது தானே எடுத்துக்கொள்கிறது. அதனால் படிமம் பிறக்கும்போதே புதுப்பித்த நிலையில் பிறக்கிறது. மேலும் இந்தப் படிமத்துக்குள் இதுவரை எந்த மனிதரும் உள்நுழைந்ததே இல்லை; ஆகவே யாருடைய கடவுச்சொல்லும் தங்கியிருக்க வாய்ப்பில்லை. நாமாக எதையும் உள்ளே வைக்காமல் இருந்தால் போதும்.

குறிப்பு வெறும் எழுத்துக் கோப்பாக இருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. நீங்கள் பணி மாறுதலில் போனாலும் அடுத்து வருபவர் அதைப் படித்து, ஒரு வரி சேர்த்து, மறுபடி கட்டிக்கொள்ளலாம். பள்ளியின் கணினி அறிவு ஒரே ஆசிரியரின் தலைக்குள் இருக்க வேண்டியதில்லை.

நிறுவலுக்கு ஒரு விடைக்குறிப்பு

நிறுவும்போது கணினி கேள்விகளைக் கேட்கும்: எந்த மொழி, எந்த நேர மண்டலம், பயனர் பெயர் என்ன. இவற்றுக்கான விடைகளை முன்கூட்டியே எழுதி வைக்க டெபியனில் ப்ரீசீட் என்ற கோப்பு உண்டு. விடைக்குறிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாணவருக்கு ஒரு சாதாரணக் கணக்கு, ஆசிரியருக்கு நிர்வாக உரிமையுள்ள தனிக் கணக்கு என்பது அடிப்படை விதி.

ஆனால் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதாதீர்கள். ஒன்று, நிர்வாகக் கடவுச்சொல். படிமத்தில் எழுதி வைத்தால் அதைக் கையில் வைத்திருக்கும் யாரும் படித்துவிடலாம். இரண்டு, வன்தட்டை அழிக்கலாமா என்ற கேள்வி. அதற்கும் விடை எழுதி வைத்துவிட்டால், அந்தப் பென் டிரைவைத் தெரியாமல் அலுவலகக் கணினியில் செருகித் தொடங்கினால் பள்ளியின் பதிவேடுகள் எல்லாம் கேட்காமலேயே போய்விடும். அந்த ஓர் இடத்தில் கணினி நின்று கேட்கட்டும்; ஒரு மனிதர் பார்த்து விடை சொல்லட்டும்.

சோதனை, பதிப்பு, பராமரிப்பு

படிமம் தயாரானதும் நேரே ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். முதலில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் நிறுவிப் பாருங்கள். பிறகு ஆய்வகத்தில் இருப்பதிலேயே பழைய கணினியில் முயன்று பாருங்கள். தமிழில் ஒரு வரி தட்டச்சு செய்து அச்செடுங்கள். ஒலி கேட்கிறதா, புரொஜெக்டர் படம் காட்டுகிறதா என்று பாருங்கள். மிகப் பழைய, 32 பிட் கணினிகள் இருந்தால் ஒரு செய்தி: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் அவற்றுக்கான நிறுவல் படிமம் இல்லை, 2023இல் வந்த டெபியன் 12 வரைதான் உண்டு.

சோதனை முடிந்ததும் படிமத்தின் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை எடுத்து எழுதி வையுங்கள். 64 எழுத்துகள் கொண்டது. பென் டிரைவில் நகல் எடுத்தபின் மறுபடி கணக்கிட்டு இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்த நகலைப் பயன்படுத்த வேண்டாம். படிமத்தின் பெயரிலேயே மாதமும் ஆண்டும் இருக்கட்டும்.

எப்போதெல்லாம் புதிதாகக் கட்டுவது? ஜூனில் பள்ளி திறக்கும் முன், காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை என ஆண்டுக்கு மூன்று முறை போதும். இடைப்பட்ட காலத்துக்கு அனட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற தொகுப்பைப் படிமத்திலேயே சேர்த்துவிட்டால், பாதுகாப்புப் புதுப்பிப்புகளைக் கணினி தானே நிறுவிக்கொள்ளும். ஆய்வகத்தில் ஒரு கணினியில் ஆப்ட்-கேஷர் என்ஜி என்பதை வைத்து, மற்றவை அதன் வழியாகப் புதுப்பிக்குமாறு அமைத்துவிட்டால், ஒரு முறை இறக்கியதை 20 கணினிகளும் பகிர்ந்துகொள்ளும். நாம் முதலில் கணக்கிட்ட 30 ஜிபி ஏறத்தாழ 1.5 ஜிபியாகக் குறைந்துவிடும்.

சில எச்சரிக்கைகள்

உத்தரவாதக் காலத்திலோ பராமரிப்பு ஒப்பந்தத்திலோ உள்ள ஆய்வகக் கணினிகளைத் தலைமையாசிரியர் வழியாக எழுத்துப்பூர்வ அனுமதி பெறாமல் தொடாதீர்கள். முன்னாள் மாணவர்கள் கொடுத்த கணினிகள், உத்தரவாதம் முடிந்து மூலையில் கிடப்பவை ஆகியவற்றில் தொடங்குங்கள். அவற்றில் உள்ள கோப்புகளை முதலில் வேறிடத்தில் சேமித்துவிடுங்கள்.

விண்டோஸிலும் இதைச் செய்யலாம். டிஸ்ம் என்ற கருவியால் நிறுவல் படிமத்துக்குள் புதுப்பிப்புகளைச் சேர்க்கலாம், சிஸ்பிரெப் மூலம் கணினியின் தனி அடையாளத்தை நீக்கலாம், விடைக்குறிப்பும் உண்டு. புதுப்பிப்புகளைச் சேர்த்தபின் உள்ளே இருக்கும் முதன்மைக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டிவிட்டால், ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவ் அதை ஏற்காது. பிரித்து வைக்க வேண்டும். ஆனால் உரிமம் வேறு விஷயம். கணினியோடு வந்த உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே. ஒரே படிமத்தைப் பலவற்றில் பதிக்கத் தொகுதி உரிமம் வேண்டும். "எல்லாம் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது பூட்டுடைத்த நகலைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அதற்குள் வேறு என்ன இருக்கிறது என்று கொடுப்பவருக்கே தெரியாது. நேர்மையைப் பாடமாக நடத்தும் அறையில் திருட்டு நகல் ஓடக் கூடாது என்பது என் கருத்து.

"இவ்வளவையும் நான் ஒருவனாகச் செய்ய முடியுமா?" என்று நினைக்கிறீர்கள். வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாகப் படிமம் கட்டத் தேவையில்லை. ஒரு வட்டாரத்தில் ஆர்வமுள்ள கணினி ஆசிரியர் ஒருவர் கட்டட்டும். பட்டியலை எல்லோரும் சேர்ந்து எழுதுவோம். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் தன் குழந்தைகளுக்கு எது வேண்டும் என்று சொல்லட்டும். தமிழாசிரியர் விசைப்பலகையைச் சோதிக்கட்டும். பதினொன்றாம் வகுப்பு மாணவர் நால்வர், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, பென் டிரைவைக் கொண்டு நிறுவட்டும். அவர்களுக்கு அதைவிட நல்ல செய்முறை வகுப்பு வேறில்லை.

இன்று மாலை பள்ளிக்கோ வீட்டுக்கோ போனதும் ஒன்றை மட்டும் செய்யுங்கள். மூன்று பத்தி பிரித்த அந்தத் தாளை எடுத்து, உங்கள் வகுப்புக்கான வரியை எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.